முக்கூர்த்தி விளிம்பு: ஒரே மழை, இரண்டு கடல்

பவானிசாகர் அணையின் நீர்ப்பரப்பு வரைபடத்தில் இரண்டு கைகளாகப் பிரிந்து கிடக்கும். ஒரு கை மேட்டுப்பாளையம் பக்கம் நீள்கிறது. அதில் வந்து சேர்வது பவானி. இன்னொன்று வடமேற்கே காட்டுக்குள் போகிறது; அதில் வருவது மாயாறு. இரண்டையும் எதிர்த்திசையில் தொடர்ந்து போனால், பவானி நீலகிரியின் தென்புறத்தைச் சுற்றிக்கொண்டு போகும். மாயாறு வடபுறத்தைச் சுற்றிக்கொண்டு போகும். கடைசியில் இரண்டும் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துவது ஒரே மலைத்தொடரில். நீலகிரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கேரள எல்லையை ஒட்டி, முக்கூர்த்தி சிகரத்திலிருந்து தெற்கே அப்பர்பவானி வரை போகும் குந்தா மலைகள் அவை. இரு ஆறுகளின் தலைப்பகுதிகளுக்கும் இடையே நேர்கோட்டில் இருபது கிலோமீட்டர்கூட இராது. பக்கத்துப் பக்கத்தில் புறப்பட்டு, ஆளுக்கொரு பக்கமாக ஒரு முழு மலையையே வளைத்து வந்து, சமவெளியில் மறுபடி சந்திக்கின்றன.

இந்த மேற்கு விளிம்பில் ஊர் கிடையாது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. 1982இல் வரையாடுகளுக்கான சரணாலயமாகவும் 1990இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட முக்கூர்த்தியின் பரப்பு வெறும் 78.46 சதுர கிலோமீட்டர். விளிம்பை ஒட்டி ஒடுக்கமாக நீண்டு கிடக்கும் இந்தத் துண்டு நிலத்தையும் அதன் அக்கம்பக்கத்தையும் நம்பித்தான் ஊட்டியின் குடிநீர் முதல் கோவையின் பில்லூர்க் குடிநீர், ஈரோட்டு வாய்க்கால்களின் பாசனம் வரை இருக்கின்றன. அந்த நிலம் எப்படி அமைந்திருக்கிறது, தண்ணீர் அதில் எப்படி நடமாடுகிறது என்று தெரிந்துகொண்டால்தான் அங்கே நூறு ஆண்டுகளாக நாம் செய்துவருவது என்னவென்று புரியும். ‘மரம் இருந்தால் தண்ணீர்’ என்று பள்ளியில் படித்ததை வைத்து இந்த இடத்தைப் பார்த்தால் தவறாகவே பார்ப்போம்.

நிலத்தின் சாய்மானத்தில் தொடங்கலாம். நீலகிரியின் மேல்மட்டம் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் கிடக்கும் பீடபூமி. அதை முறத்துக்கு ஒப்பிடலாம்: பின்விளிம்பு எழும்பியிருக்க, முன்பக்கம் தாழ்ந்து போகிறது. எழும்பிய பின்விளிம்புதான் மேற்கே உள்ள குந்தா மலைகள். கோலாரிபெட்டா 2,630 மீட்டர், முக்கூர்த்தி 2,554 மீட்டர். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா (2,637 மீட்டர்) இந்த வரிசையில் இல்லை. அது ஊட்டிக்குப் பக்கத்தில், பீடபூமியின் நடுவில் தனி முகடாக நிற்கிறது. மேற்கு விளிம்பைத் தாண்டினால் நிலம் மெல்ல இறங்காது. செங்குத்தாக அறுந்து, கொஞ்ச தூரத்துக்குள்ளேயே ஏறத்தாழ 2,000 மீட்டர் கீழே நிலம்பூர்க் காடுகளுக்குப் போய்விடும்.

அதனால் முக்கூர்த்தி முகட்டில் விழும் மழைக்கு எந்தப் பக்கம் சரிகிறது என்பதே விதி. முகட்டுக்கு மேற்கே விழுந்த துளி கரிம்புழை வழியாகச் சாலியாற்றில் சேர்ந்து பேப்பூரில் அரபிக்கடலைத் தொடும். விளிம்பின் தென்மேற்கு மூலையில் விழுந்தால் குந்திப்புழையாகி, சைலன்ட் வேலிக் காட்டுக்குள் இறங்கி, பாரதப்புழையில் கலக்கும். இவை எல்லாம் குறுகிய, வேகமான ஓட்டங்கள். அதே முகட்டில் சில அடி கிழக்கே விழுந்த துளிக்கோ நெடும் பயணம். பைக்காராவாக வடக்கே ஓடி, பீடபூமியின் ஓரத்தில் அருவியாக விழுந்து, மாயாறு என்ற பெயரோடு கிழக்கே திரும்பி, பவானியில் சேர்ந்து, பவானி கூடுதுறையில் காவிரியாகி, தஞ்சை மண்ணைக் கடந்து வங்கக்கடலுக்குப் போகும். அரபிக்கடலிலிருந்து ஆவியாகி வந்த நீரை, அரபிக்கடல் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் வாங்கி, வங்கக்கடலுக்கு அனுப்பிவைக்கிறது இந்த மலை.

இந்த அமைப்புக்குக் காரணம் பாறையில் இருக்கிறது. நீலகிரி பெரும்பாலும் சார்னோகைட் பாறை. சென்னையில் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் பார்க்கும் அதே வகை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை கொண்டது. இந்தக் கெட்டிப் பாறைத் தொகுதியின் வடக்கிலும் தெற்கிலும், பாறை நசுங்கி இழுபட்டுப் பலவீனமான இரண்டு நெடும் பட்டைகள் கிடக்கின்றன. நிலவியலாளர்கள் அவற்றை மாயாறு பெயர்ச்சி மண்டலம், பவானி பெயர்ச்சி மண்டலம் என்று அழைக்கிறார்கள். கெட்டிப் பாறை தேயாமல் உயர்ந்து நிற்க, பலவீனமான பட்டைகளை ஆறுகள் அரித்துப் பள்ளத்தாக்காக்கிவிட்டன. மசினகுடிக்கு வடக்கே மாயாறு ஓடும் அந்த ஆழமான பிளவும், தெற்கே அட்டப்பாடிப் பள்ளத்தாக்கும் அப்படி உண்டானவை. பவானியின் போக்கைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அப்பர்பவானியிலிருந்து தெற்கே கேரளத்துக்குள் இறங்கும் ஆறு, முக்காலி என்ற இடத்தில் சட்டென்று வடகிழக்காகத் திரும்புகிறது. மேற்கே போய்க் கடலில் விழுந்திருக்க வேண்டிய தண்ணீர், அந்தப் பழைய பட்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி தமிழ்நாட்டுக்கு வருகிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் மூன்றே மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. காவிரி நடுவர் மன்றம் 2007இல் தந்த தீர்ப்பில் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் 6 டி.எம்.சி. பவானிப் படுகைக்கு வந்ததற்கு அடிப்படை இந்தத் திருப்பம்தான்.

மழைக்கு வருவோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்தச் சுவரில் முட்டி மேலேறும்போது குளிர்ந்து கொட்டுகிறது. விளிம்பை ஒட்டிய பகுதிகளில் ஆண்டுக்கு 300 செ.மீ.க்கு மேல் பெய்யும். சில மூலைகளில் 500 செ.மீ.யையும் தாண்டும். கிழக்கே ஊட்டிக்கு வருவதற்குள் அது 120 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. வடக்கே கீழிறங்கி மாயாற்றுப் பள்ளத்தாக்கின் கிழக்குப் பகுதிக்குப் போனால் வெறும் முட்காடு. அங்கே ஓடும் ஆறு, அங்கே பெய்த மழையால் ஓடுவதல்ல. தெங்குமரஹாடா ஊர்க்காரர்கள் பரிசலில் கடக்கும் மாயாற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மேற்கு விளிம்பில், அவர்கள் கண்ணுக்கே தெரியாத மேகத்திலிருந்து வந்தது.

2019 ஆகஸ்ட் மாதம் இந்தச் சுவர் என்ன செய்யும் என்பதை எல்லோரும் பார்த்தோம். ஆகஸ்ட் 8 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 82 செ.மீ. மழை. ஊட்டியில் ஓராண்டு முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல் ஒரே நாளில் விழுந்தது. எமரால்டு, அவலாஞ்சி வட்டாரத்தில் சரிவுகள் பிய்ந்து இறங்கின. அவலாஞ்சி என்ற பெயரே 1823இல் நடந்த ஒரு பெரும் நிலச்சரிவால் வந்தது என்பார்கள்.  மழை எவ்வளவு பெய்தது என்பதைவிட, பெய்த மழையை நிலம் எப்படி வாங்குகிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

புல்வெளியில் நடந்தால் முதலில் தெரிவது அலையலையாகப் போகும் மொட்டைக் குன்றுகள். மரங்கள் குன்றின் மடிப்புகளில் மட்டும் ஒதுங்கி நிற்கும், அதுதான் சோலை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே உயரத்தில் வெட்டிவிட்டதுபோன்ற அடர்பச்சைத் திட்டு. உள்ளே குட்டையான, முறுகிய மரங்கள். கிளையெல்லாம் பாசியும் ஆர்க்கிடும். சோலைக்குக் கீழே, இரண்டு குன்றுகள் சந்திக்கும் பள்ளத்தில், தரை தட்டையாகி நிறம் மாறும். புல் அங்கே கொஞ்சம் மஞ்சளோடிய பச்சை, நடுவே கோரை. காலை வைத்தால் தரை சற்றே அமுங்கி, செருப்பைச் சுற்றிக் கறுத்த தண்ணீர் ஊறும். குனிந்து பார்த்தால் விரல் நகம் அளவு இலைகளில் பசைத்துளி மினுங்கும் செடிகள் இருக்கும். பூச்சியைப் பிடித்துத் தின்னும் வகை. மண்ணில் சத்து இல்லாத, எப்போதும் நீர் தேங்கிய இடத்தில் அவை அப்படித்தான் பிழைக்க முடியும். ஒரு பிடி மண்ணைத் தோண்டி எடுத்தால் அது மண்ணாக இருக்காது. மக்கியும் மக்காத வேரும் தண்டும் அழுந்திக் கறுப்புக் களியாகிக் கிடக்கும்.

மலையின் தண்ணீர்க் கணக்கு இந்தப் பள்ளங்களில்தான் நடக்கிறது. குன்றின்மேல் பெய்த மழை புல்வேர்களின் அடர்த்தியால் வேகம் தணிந்து மண்ணுக்குள் இறங்குகிறது. அதன் கீழே பாறை, நீண்ட காலமாக மழையில் ஊறி உளுத்து, பல மீட்டர் ஆழத்துக்கு மண்ணாகவே மாறியிருக்கிறது. பாறையின் வடிவம் அப்படியே தெரியும். ஆனால் கையால் உதிர்க்கலாம். தண்ணீர் அந்த உளுத்த அடுக்குக்குள் போய், மாதக்கணக்கில் மெல்ல நகர்ந்து, குன்றடியில் பள்ளத்தில் கசிகிறது. சதுப்பு அதை வாங்கி, மேலும் தாமதப்படுத்தி, ஓடைக்கு விடுகிறது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மழையே இல்லாதபோது பைக்காராவின் சிற்றோடைகளில் தெளிந்த நீர் ஓடுவது இதனால்தான். இதே உளுத்த அடுக்கைச் சாலைக்காகவும் கட்டடத்துக்காகவும் செங்குத்தாக வெட்டினால், அதே தண்ணீர் அதைச் சரித்துவிடும். 2009 நவம்பரில் கிழக்கே குன்னூர், கேத்தி பகுதிகளில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நீலகிரி மறக்கவில்லை.

இன்னொன்று: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் கனத்த குளிர்காற்று பள்ளத்தில் இறங்கித் தங்கி, உறைபனியாகப் படிகிறது. விடியற்காலையில் சதுப்புப் புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும். வெயில் ஏறியதும் புல் கருகிப் பழுப்பாகும். பனி திறந்த வெளியில் முளைக்கும் மரக்கன்றுகளைக் கொன்றுவிடுகிறது. சோலை புல்வெளிக்குள் பரவாமல் இருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். தீ, காற்று, மண்ணின் ஆழம் ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் விவாதித்துவருகிறார்கள். நமக்கு வேண்டிய செய்தி வேறு: பனியில் கருகிய புல் அந்த வறண்ட மாதங்களில் தண்ணீரைக் குடிப்பதில்லை. ஓடைக்கு எப்போது தண்ணீர் மிகவும் வேண்டுமோ, அப்போது புல் தன் தேவையைக் குறைத்துக்கொள்கிறது.

இந்த மொட்டைக் குன்றுகள் ஒரு காலத்தில் காடாக இருந்தவை, மனிதன் வெட்டி எரித்துப் புல்லாக்கிவிட்டான் என்று நீண்ட நாள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைத் தகர்த்தது சதுப்பின் கறுப்புக் களி. அதில் ஆண்டாண்டாகச் செடிகள் அடுக்கடுக்காகப் புதைகின்றன. வெப்பமண்டலப் புல்லும் மரமும் கார்பனைச் சேர்க்கும் முறை வேறு; அந்த வேறுபாடு களியில் பதிவாகியிருக்கும். சூழலியலாளர் ரா. சுகுமார் குழுவினர் நீலகிரிக் களியை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட முடிவு, இருபதாயிரம் ஆண்டுகளின் தட்பவெப்ப வரலாற்றை அதிலிருந்து படித்தது. பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், வறட்சி, புல் ஆதிக்கம். சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்து, ஈரத்துக்குரிய செடிகள் பெருகின. பிறகு மறுபடி மாறின. சாண்டிநல்லா பகுதியில் நாற்பதாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட களியும் கிடைத்தது. அதாவது புல்வெளி இங்கே கோடரிக்கு முன்பே இருந்தது. காடும் புல்லும் மழையின் போக்குக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருந்த நிலம் இது. என்னைக் கேட்டால், நீலகிரியின் மிக மதிப்புள்ள ஆவணக்காப்பகம் இந்தச் சதுப்புகள்தாம். ஒரு சதுப்பை வாய்க்கால் வெட்டி வடித்தால், களி காய்ந்து காற்றுப்பட்டு மக்கிப்போகும். திரும்ப எழுத முடியாது.

தோடர்களுக்கு இந்தப் பள்ளங்களைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களுடைய மந்துகள், அதாவது குடியிருப்புகள், பெரும்பாலும் சோலையும் ஓடையும் புல்லும் சேரும் இடங்களில் அமைந்தவை. எருமைகள் மேய்ந்தது இந்தச் சதுப்போரங்களில். அவர்களுடைய கோயில்களின் கூரைக்கு வேய்வது எந்தப் புல்லையும் அல்ல. இந்தச் சதுப்புகளில் மட்டும் வளரும், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு வகைப் புல்லை. அவர்கள் அதை அவ்ஃபுள் என்கிறார்கள். இன்று அந்தப் புல்லைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியிருக்கிறது. பக்கத்துச் சதுப்புகள் போய்விட்டன. முக்கூர்த்தி சிகரம் அவர்களுக்கு இறந்தவர்களின் உயிர் மறுவுலகத்துக்குப் போகும் வழி. நிலத்தின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதை அவர்கள் அறிந்து வைத்திருந்த விதம் அது.

சதுப்புகள் எங்கே போயின? ஊட்டியிலிருந்தே கணக்குப் பார்க்கலாம். ஜான் சல்லிவன் 1820களில் ஓடையை மறித்து ஏரி கட்டினார். ஏரியின் மேல்பகுதி பின்னர் தூர்க்கப்பட்டுக் குதிரைப் பந்தய மைதானமானது. ஊரைச் சுற்றியிருந்த ஈரப்பள்ளங்கள் வடிக்கப்பட்டு உருளைக்கிழங்கும் கேரட்டும் ஏறின. நகரை ஒட்டிய நிலத்துக்கு இது நேர்ந்தது என்றால், விளிம்பை ஒட்டிய நிலத்துக்கு வந்த வினை மரம்.

புல்வெளியைத் தரிசு என்று பதிவேட்டில் எழுதியதுதான் தொடக்கம். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் (வாட்டில் மரம்) விறகுக்காகக் கொண்டுவந்தார்கள். விடுதலைக்குப் பிறகு நம் அரசே அதைப் பெரிய அளவில் செய்தது. தோல் பதனிடச் சீகைப் பட்டை, செயற்கை இழை ஆலைக்குக் கற்பூர மரக்கூழ் என்று தேவை இருந்தது. வெறுமனே கிடக்கும் குன்றுகளில் மரம் நட்டால் நாட்டுக்கு நல்லது என்று உண்மையாகவே நினைத்தார்கள். கற்பூர மரம் நட்ட இடத்தில் பெரும்பாலும் நிற்கும். சீகை அப்படியல்ல. விதை பல பத்தாண்டு மண்ணில் உயிரோடு கிடந்து, தீயோ வெயிலோ பட்டதும் திரண்டு முளைக்கும். ஓடைக்கரையோடு இறங்கி, பள்ளத்தைப் பிடித்து, மேலே ஏறும்.

கற்பூர மரம் தண்ணீரை என்ன செய்கிறது என்பதற்கு நீலகிரியிலேயே அளந்த சான்று உண்டு. கிளன்மார்கனில் மத்திய மண்வள, நீர்வளப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தினர் 1968 முதல் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புகளை அளந்தார்கள். ஒவ்வொன்றும் முப்பது ஹெக்டேர் சொச்சம். சில ஆண்டுகள் இரண்டையும் அப்படியே அளந்தபின், ஒன்றைச் சோலையும் புல்லுமாக விட்டுவிட்டு, மற்றதில் 1972இல் பாதிக்கு மேல் பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் ஓடைக்கு வந்த நீர் ஆண்டுக்குச் சராசரி 16 விழுக்காடு குறைந்தது. வெட்டியபின் தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு ஏறத்தாழ 25 விழுக்காடு. கோடைக்கால ஓட்டம் அடிவாங்கியது இதைவிட மோசமாக. புல் பனியில் கருகி ஓய்ந்திருக்கும் மாதங்களிலும் இந்த மரம் ஆழமாக வேர்விட்டுக் குடித்துக்கொண்டே இருப்பதால் அப்படித்தான் ஆகும். இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு காலம், நம் மலையிலேயே அளந்து சொன்ன ஓர் ஆய்வு பாடப்புத்தகத்தில் இடம்பெறாமல் போனது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்மட்டப் புல்வெளிகளை 1973 முதல் 2017 வரையிலான செயற்கைக்கோள் படங்களில் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, சுமார் 340 சதுர கிலோமீட்டர், அதாவது 23 விழுக்காடு புல்வெளி, சீகை, பைன், கற்பூர மரங்களால் மூடப்பட்டுவிட்டது என்று கண்டது. வரைபடத்தில் பச்சை கூடியிருக்கும். காடு வளர்ந்திருப்பதாகவே தோன்றும். முக்கூர்த்திப் பூங்காவுக்குள்ளேயே சீகைத் திட்டுகள் உண்டு. வரையாடு திறந்த புல்லில்தான் மேயும். ஆபத்து வந்தால் விளிம்பின் பாறைக்கு ஓடும். இரண்டுக்கும் நடுவே சீகை அடைத்துக்கொண்டால் மேய்ச்சலும் போகும், தப்பும் வழியும் போகும்.

அணைகள் இன்னொரு கதை. சாய்மானம் கிழக்கே, மழை மேற்கே, ஓரத்தில் செங்குத்து இறக்கம்: மின்சாரம் எடுப்பதற்கு இதைவிட வாகான நிலம் கிடைக்காது. பைக்காராத் தண்ணீரைக் கிளன்மார்கனிலிருந்து குழாயில் சுமார் 3,000 அடி கீழே சிங்காராவுக்கு இறக்கி, 1932இல் மின் உற்பத்தி தொடங்கினார்கள். கோவையின் பஞ்சாலைகள் பெருகியதற்கு அந்த மின்சாரம் பெரிய காரணம். பிறகு 1950களில் கனடாவின் உதவியோடு குந்தா திட்டம். அதில் நடந்ததைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். அப்பர்பவானித் தண்ணீர் இயல்பாகத் தெற்கே கேரளத்துக்குள் இறங்கி, முக்காலியில் திரும்பி, அட்டப்பாடியைச் சுற்றி வர வேண்டியது. அதை அணையில் மறித்து, சுரங்கத்தில் கிழக்கே அவலாஞ்சி–எமரால்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு, பில்லூரில் மறுபடி பவானியோடு சேர்த்தார்கள். ஆறு பாறையின் பலவீனத்தைப் பிடித்துக்கொண்டு பல லட்சம் ஆண்டில் போட்ட வளைவை, பொறியாளர்கள் மலையைக் குடைந்து குறுக்கே வெட்டிவிட்டார்கள். பொறியியலாகப் பார்த்தால் அசாத்தியமான வேலை. அந்தக் குளிரிலும் மழையிலும் சுரங்கம் தோண்டிய தொழிலாளர்களை நினைக்காமல் அதைப் பற்றிப் பேசக்கூடாது.

ஆனால் தேக்கங்கள் எழுந்த இடங்கள் எவை? போர்த்திமந்து, பார்சன்ஸ் வேலி, முக்கூர்த்தி, எமரால்டு: எல்லாமே அகன்ற, தட்டையான உயர்மட்டப் பள்ளங்கள். சதுப்புக்கும் அதே நிலம்தான் வேண்டும், அணைக்கும் அதே நிலம்தான் வேண்டும். போர்த்திமந்து என்ற பெயரிலேயே ஒரு மந்து இருக்கிறது. மலை தானாகத் தேக்கி வைத்திருந்த இடத்தில் நாம் நம் தேக்கத்தைக் கட்டிக்கொண்டோம். பலன் உண்மையானது, பவானிசாகரின் 32.8 டி.எம்.சி. கொள்ளளவுக்கும், அதைக்கொண்டு கீழ்பவானியில் பாயும் இரண்டு லட்சம் ஏக்கர் சொச்சத்துக்கும் இந்த மேல் அணைகள் முறையாகத் தண்ணீர் விடுகின்றன. கோடையில் மாயாறு எவ்வளவு ஓடும் என்பதை இன்று பெரும்பாலும் தீர்மானிப்பது மின்நிலையத்தின் வேலைநேரம். மிச்சமிருக்கும் சதுப்புகள்தான் அந்த அணைகளுக்கே கோடையில் தண்ணீர் தருகின்றன என்பதை மட்டும் மின்வாரியமும் பாசனக்காரர்களும் தங்கள் சொந்த நலனாகவே எண்ண வேண்டும்.

இதே பள்ளங்களுக்கு இப்போது இன்னொரு வேலையும் வந்திருக்கிறது. குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் கட்டப்படுகிறது. மின்சாரம் மிகுதியாக இருக்கும் நேரத்தில் எமரால்டு–அவலாஞ்சியிலிருந்து தண்ணீரை மேலே போர்த்திமந்துக்கு ஏற்றுவதும், தேவை கூடும்போது அதை இறக்கிச் சுழலியை ஓட்டுவதும் திட்டம். காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகிவரும் மாநிலத்துக்கு இது தேவையான ஒன்று; புதிய பள்ளத்தை மூழ்கடிக்காமல் இருக்கிற அணைகளையே பயன்படுத்துவதால் எனக்கு இதில் பெரிய மறுப்பில்லை. கவலை நீர்மட்டத்தைப் பற்றியது. இதுவரை பருவத்தோடு ஏறி இறங்கிய நீர்மட்டம் இனி நாளுக்கு நாள் ஏறி இறங்கும். தேக்கத்தின் ஓரத்தில் மிஞ்சியிருக்கும் ஈரப்புல் அதைத் தாங்குமா என்பதைத் தொடக்கம் முதலே அளந்துவர வேண்டும். கிளன்மார்கனில் அன்று செய்ததுபோல, முதலில் சில ஆண்டு சும்மா அளந்துவைத்தால்தான் பிறகு ஒப்பிட முடியும்.

சீகையை அகற்றும் வேலையும் நடக்கிறது. தமிழ்நாடு அரசு 2022இல் அந்நியக் களைத்தாவரங்களுக்கென்று கொள்கையே வெளியிட்டது. எங்கே முதலில் கைவைப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. பரப்பைக் கணக்குக் காட்டச் சரிவுகளில் ஒரேயடியாக வெட்டினால், வெறும் மண்ணில் வெயில் பட்டு விதையெல்லாம் ஒருசேர முளைத்துவிடும். செங்குத்துச் சரிவில் மண்ணும் போகும். சில பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் பனிக்குத் தப்பி முளைத்து நிற்கின்றன. அவற்றை அவசரப்பட்டுத் தொட வேண்டாம், சோலை தானாக மேலே வரட்டும். முதலில் போக வேண்டியது ஓடைக்கரைக்கும் பள்ளத்துக்கும். அங்கே நிற்கும் ஒவ்வொரு சீகையும் கசிவுநீரை நேராக உறிஞ்சுகிறது. அங்கிருந்துதான் விதை தண்ணீரோடு கீழே போகிறது. அங்கே சீகையை எடுத்து, வெட்டிய வடிகாலை மண்ணும் புல்பத்தையும் கொண்டு அடைத்தால், நீர்மட்டம் மேலேறும். தேங்கிய ஈரத்தில் சீகை திரும்ப வேர்விடச் சிரமப்படும். அதன்பின் ஐந்தாறு ஆண்டுகளுக்காவது ஒவ்வொரு ஆண்டும் போய் முளைகளைக் கையால் பிடுங்க வேண்டும். ஒப்பந்தக்காரர் வந்து மரத்தை ஏற்றிக்கொண்டு போவதோடு முடிகிற வேலை அல்ல இது. எந்தப் பள்ளத்தில் அவ்ஃபுள் இருந்தது, எந்த ஓடை எந்த மாதத்தில் வற்ற ஆரம்பித்தது என்று சொல்லக்கூடிய தோடர் பெரியவர்கள் இன்னும் மந்துகளில் இருக்கிறார்கள். எந்தப் பள்ளத்தில் தொடங்குவது என்ற பட்டியலை அவர்களோடு உட்கார்ந்து போடலாம்.